மைக்செட்டக்கா கையில் கொடுத்த கயிறு

நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணின் உடம்பையும் மனத்தையும் தேற்றுவதற்கு இன்றைக்கு ஆயிரம் பேர் கடை விரித்திருக்கிறார்கள். யோகா என்கிறார்கள், ஜிம் என்கிறார்கள், எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் பட்டை ஒன்றை மணிக்கட்டில் மாட்டிவிடுகிறார்கள். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே மீன் கடவப் பெட்டியில் அள்ளிப் போட்டு, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "வேற ஏதாம் உண்டா?" என்று கேட்கக்கூடிய ஒரே மனுஷி எனக்குத் தெரிந்து மைக்செட்டக்காதான்.

ஞானஸ்நானத்தில் அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஒருமுறை கேட்டேன். "அது கோயில் புஸ்தகத்துல கெடக்கு. எனக்கெதுக்கு, நான் என்ன என்னையே கூப்பிடப் போறனா?" என்றாள். குளச்சலில் நின்று அவள் மீன் விலை சொன்னால் மண்டைக்காட்டில் ஆள் பேரம் பேசும். கோயில் கொடைக்கு ஒலிபெருக்கி கட்ட வருகிறவர்கள் அவளைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள். காதோடு ஒரு ரகசியம் சொன்னால் இனயம் வரைக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். வயது அறுபதா எழுபதா என்று கண்டுபிடிக்க முடியாத உருவம். கலெக்டரே எதிரே வந்தாலும் "நீ" தான்.

எங்கள் காலனியில் அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரவர் வாங்கும் மீன்தான் அவரவர் பெயர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள் "நெய்மீன்". பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் ஒல்லி டீச்சர் "நெத்தோலி". நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தபால் பிரிவில் குமாஸ்தா. எனக்கு அவள் வைத்த பெயர் "அரைக்கிலோ சாளை". நான் வாங்கும் மத்திக்கு இங்கே சாளை என்று பெயர். தெருவில் நாலு பேர் நடுவில், "ஏட்டி அரைக்கிலோ சாளே! ராத்திரி பரோட்டா தின்னியா? மொகம் வீங்கிக் கெடக்கு!" என்று அவள் கூப்பிடும்போது, பரோட்டா வாங்கிக்கொண்டு வந்த என் கணவர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் வாயில்லாப் பூச்சி. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. தையற்காரர் ஒரு பக்கக் கை இறுக்கமாகத் தைத்துக் கொடுத்த சட்டைகளை மூன்று வருஷம் போட்டுக்கொண்டு அலைந்தேனே ஒழிய, "அண்ணே, கை பிடிக்குது" என்று சொன்னதில்லை. சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருநாள் என்னை ஜெபம் செய்யச் சொன்னார்கள். நானும் செய்தேன். சத்தம்தான் வரவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து, எனக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். அலுவலகத்தில் சொல்லவே வேண்டாம். அடுத்தவர் மேஜையில் முடியாமல் கிடக்கும் தபாலெல்லாம் சாயங்காலம் ஆனால் தானாக நடந்து என் மேஜைக்கு வந்துவிடும்.

போதாக்குறைக்குச் சர்க்கரையும் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நெய்மீனுக்கும் நெத்தோலிக்கும் அதே உத்தரவு. மூன்று பேரும் பளபளவென்று ஷூ வாங்கி, சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தோம். நடந்தோம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பத்து அடிக்கு ஒருதரம் நின்று பேசினோம் என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"எங்கட்டீ போறிய? ஆரு செத்துப் போனா?"

"வாக்கிங் போறோம் அக்கா," என்றார் நெய்மீன். வங்கியில் முப்பது வருஷம் கடன் கேட்டு வந்தவர்களிடம் பேசிய குரல் அது.

"போயிட்டு?"

"திரும்பி வருவோம்."

"அப்பம் போவாண்டாம். இஞ்ச வா."

அவள் நின்றது கரைமடி இழுக்கும் இடம். கரைமடி என்பது கரையில் நின்றே இழுக்கிற பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். குளச்சல் பக்கம் ஒரு கூட்டம் ஒரு கயிற்றை இழுக்கும். மண்டைக்காட்டுப் பக்கம் தள்ளி இன்னொரு கூட்டம் மறு கயிற்றை அதே வேகத்தில் இழுக்கும். நடுவில் மீன் விழும் பைக்குத்தான் மடி என்று பெயர். கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு பங்கு மீன் உண்டு, அது கரை வழக்கம். கை வைக்கத்தான் ஆள் இல்லை. இளவட்டங்களில் பாதிப் பேர் வளைகுடாவில், மீதிப் பேர் ஆழ்கடல் போட்டில். அக்கா மீன் வாங்க வந்து காத்திருந்தாள். ஆள் குறைவால் மடி கரையேற நேரமானால் அவளுடைய வியாபாரத்துக்கும் நேரமாகும். ஆகவே எங்கள் சர்க்கரை மேல் அவளுக்கு வந்த திடீர் அக்கறையை நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

"சும்மா மணல மிதிச்சா என்ன கெடைக்கும்? இதப் பிடிச்சு இழு. வெயிலு உள்ள போனா சுகரு பொறத்த போவும்," என்றாள். இந்த மருத்துவத்தை அவள் சொன்னபோது அவள் கையில் இருந்த டீயில் நாலு கரண்டி சர்க்கரை.

"அக்கா, லேடீஸ் எப்படி..." என்று நெத்தோலி இழுத்தாள்.

"வாயால இழுக்காத. கையால இழு. ஷூவக் கழத்து!"

கழற்றினோம். மடிக்காரர் ஒருவர், அதாவது அந்த வலைக்குச் சொந்தக்காரர், வெற்றிலையை மென்றுகொண்டே எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இது எந்த ஊருக் கூட்டம்?" என்று கேட்டார். "எனக்க பிள்ளைய. மிண்டாம இரி," என்றாள் அக்கா. அவரும் வாய் திறக்காமல், மிண்டாமல் இருந்தார். அன்றைக்குப் பத்து நிமிஷம் இழுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தவர்கள்தான், எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. நெய்மீனின் ஷூவில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி காலனிக்குள் நொண்டி வந்த அந்த அம்மாளைப் பார்த்து, காவலாளி விபத்து என்று நினைத்து ஆட்டோவுக்கு ஓடினார்.

மறுநாள் போகக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆறு மணிக்குத் தெருமுனையில் குரல் கேட்டது. "அரைக்கிலோ சாளே! நெத்தோலி! அந்தப் பேங்குக்காரியையும் கூட்டிட்டு வா! ஒறங்குனது போதும்!" காலனியில் இருந்த எழுபது வீட்டிலும் விளக்கு எரிந்தது. மானத்துக்குப் பயந்து போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். அப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

உள்ளங்கை முதலில் கொப்பளித்தது, பிறகு உரிந்தது, பிறகு காய்த்தது. கயிறு இழுப்பதற்கு ஒரு முறை உண்டு. வரிசையாக நின்று, கயிற்றை இடுப்போடு அணைத்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் நடக்க வேண்டும். கரையின் மேட்டுக்கு வந்ததும் கையை விட்டு, இறங்கிப் போய் வரிசையின் முன்னால் அலைக்குள் நின்று மறுபடி பிடிக்க வேண்டும். முதல் தடவை அலைக்குள் நின்றபோது எனக்கு முழங்கால் அளவுத் தண்ணீரில் உயிர் போய் வந்தது. அக்கா என் பின்கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு, "கடலு உன்னக் கொண்டு போயி என்ன செய்யப் போவுது? அதுக்கும் அரைக்கிலோ போதாது," என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு ஏனோ பயம் விட்டுவிட்டது.

உப்புக்காற்று, ஈரமணல், தென்னைகளுக்கு மேலே ஏறும் வெயில், இதெல்லாம் வீட்டிலிருந்து அரை மைல் தூரத்தில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் நான் படுத்ததும் தூங்கினேன். மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "எந்த ஜிம்முக்குப் போறீங்க?" என்று கேட்டார். நான் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை.

ஆம், வாய் மட்டும் திறக்கவில்லை. கயிறு இழுக்கும்போது பாட்டு வேண்டும், இல்லாவிட்டால் இழுவை சேராது. மைக்செட்டக்கா கயிற்றுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே எடுத்துக் கொடுப்பாள்.

"வயித்துக் கொழுப்பு போவட்டும்!"

"ஏலேசா!"

"மாமியாருக்க நாக்கு குறையட்டும்!"

"ஏலேசா!"

"பென்சன் மட்டும் கூடட்டும்!"

இதற்கு நெய்மீனின் "ஏலேசா" மட்டும் தனியாகக் கேட்கும். நான் உதட்டை அசைப்பதோடு சரி. அக்கா என் முகத்துக்கு நேரே குனிந்து, "உனக்க வாயில என்னத்த கொழுக்கட்டையா? ஒருநாளு நீ கூவுகத நான் கேக்கணும் மக்களே," என்பாள். கேட்டாள். அதுதான் வினையாகிப் போனது.

அன்றைக்குச் சாளை சீசன். கரையிலிருந்தே தெரிந்தது, தண்ணீர் கறுத்து நிறம் மாறிக் கிடந்தது. அப்படி ஒரு கூட்டம் வந்து மாதக்கணக்காகிறது என்றார் மடிக்காரர். அவரே வெற்றிலையைத் துப்பிவிட்டு மண்டைக்காட்டுப் பக்கக் கயிற்றைப் பிடிக்கப் போனார், அந்தப் பக்கம் முழுக்க ஆண்கள். குளச்சல் பக்கக் கயிற்றில் நாங்கள் மூன்று பேரும், எங்களைப் பார்த்துத் துணிந்து வந்த காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேரும். ஐஸ் வண்டி இன்னும் வரவில்லை என்று மைக்செட்டக்கா ரோட்டுக்குப் போனாள். போகும்போது, "பைய இழுங்கட்டீ. அந்தப் பக்கம் வாறதுக்கு ஒப்பமாட்டு இழுக்கணும், கேட்டியளா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதை நான் கேட்டேன். எல்லாரும் கேட்டோம்.

அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஒரு ஆள் வந்தார். மறு கயிற்றிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தவர். எங்களைக் கடந்து போகும்போது, "என்ன டீச்சர்மாரே, கயிறு ஒறங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கரைக்காரர்களுக்குச் சம்பளம் வாங்கும் பெண்கள் எல்லாரும் டீச்சர்தான்.

அவ்வளவுதான். நெய்மீனின் முகம் சிவந்தது. "நான் பேங்க் ஸ்போர்ட்ஸ் டேயில கயிறு இழுக்கறதுல கப் வாங்கினவ," என்றார். கணக்கு டீச்சர் ஆட்களை எண்ணி, உயரப்படி வரிசை மாற்றினாள். எதிர்ப்பக்கம் பதினெட்டு பேர், நாம் பதினொன்று, ஆனால் அவர்கள் களைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். எதிர்ப்பக்கம் என்று ஒன்று கரைமடியில் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே வீட்டு அடுப்புக்குத்தான் இழுக்கிறது என்பது அந்த நேரத்தில் எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. மூன்று பட்டதாரிகள் அந்த வரிசையில் நின்றோம்.

அப்போது என் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. ஏப்பம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நெஞ்சைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, மூன்று வருஷத்து இறுக்கமான சட்டைக் கை, ஐந்து நிமிஷத்து ஊமை ஜெபம் எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"இழுங்கட்டீ!"

கரையில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், வரிசையில் நான்தான் கடைசி, பின்னால் யாருமில்லை. "இழுங்கட்டீ! விடாத! இழு!" என்று மறுபடி கத்தினேன். பதினொரு பெண்களும் குதிகாலை ஊன்றிப் பாய்ந்தோம். கயிறு சரசரவென்று ஓடி வந்தது. வாழ்க்கையில் நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. அந்தப் பக்கம் ஆண்கள் இரண்டு கையையும் தூக்கி வீசினார்கள். தோல்வியை ஒத்துக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. நெய்மீன் பெருந்தன்மையோடு ஒரு கையை எடுத்துத் திரும்ப ஆட்டினார்.

எங்கள் பக்க வலை கரையேறிவிட்டது. அவர்கள் பக்க வலை இன்னும் கடலில் கிடந்தது. மடி கோணி, வாய் பக்கவாட்டில் திரும்பி, அத்தனை சாளையும் திறந்த வாசல் வழியாகக் கடலுக்குள் திரும்பிப் போனது. வெள்ளி மினுக்கமாகப் போவதைக் கரையில் நின்று எல்லாரும் பார்த்தோம். கடைசியில் மடியை இழுத்துப் போட்டபோது நாலு நண்டு, ஒரு குவியல் சொறி என்கிற ஜெல்லிமீன், யாருடையதோ இடது கால் செருப்பு. அது நெய்மீனின் ஷூ இல்லை, நான் பார்த்தேன்.

பதினெட்டு ஆண்கள் எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பதினெட்டு வீட்டிலும் அன்றைக்கு உலை வைக்கக் காத்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

மடிக்காரர் கேட்டார். "இழுக்கச் சொன்னது ஆரு?"

என் வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. ரோட்டிலிருந்து மைக்செட்டக்கா ஓடி வந்து சேர்ந்திருந்தாள். மூச்சு வாங்க வலையைப் பார்த்தாள், நண்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வினாடி.

"நான்தான் சொன்னேன்," என்றாள்.

அவள் ரோட்டில் இருந்தாள், ஐஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள். அந்தக் குரல் எங்கிருந்தும் வரும் என்பதுதான் ஊரறிந்த விஷயமாயிற்றே.

"இந்தப் பெண்டுகளக் கயித்துல கொண்டு வந்ததும் நீ. கெடுத்ததும் நீ. இனி இந்தக் கரையில உனக்கு மீன் கெடையாது," என்றார் மடிக்காரர். "ஞாயிறு பூசை முடிஞ்சு வலைக் கொட்டகையில ஊருக்காரங்க கூடி முடிவு சொல்லட்டு."

இதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் நெத்தோலி சொல்லித் தெரிந்தது. இந்தக் கரை இல்லையென்றால் அவள் குளச்சல் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே லாரிக்காரர்களோடு முட்டி மோதி ஏலம் எடுக்க வேண்டும். ஒரு கடவம் மீனை நம்பி வாழும் தனிக்கட்டைக்கு அந்த வயதில் அது நடக்காத காரியம். எத்தனையோ வருஷமாக அவள் நின்ற கரை, நான் கத்தின ஒரு கத்தலில் போகப் போகிறது.

இரண்டு நாள் கழித்துத் தெருவில் குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கடவத்தில் மீன் இல்லை, வெறும் கருவாடு. "மழைக்கு முன்ன கருவாடு தின்னா மூளைக்கு நல்லதாக்கும்! உங்களுக்குத் தேவைப்படும்!" என்று கூவிக்கொண்டிருந்தாள், இப்படித்தான் முன்பே திட்டம் போட்டது போல. பக்கத்தில் போய், "அக்கா, நான் வந்து சொல்லட்டுமா..." என்றேன்.

"நீ மிண்டப்பிடாது. அவனுவ ஏசுனா நீ தாங்க மாட்ட. நான் நல்லாட்டு ஏச்சு கேட்டு வளந்தவ," என்றாள். பிறகு கருவாட்டை நிறுக்காமலே என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு? பேசாம இரு. நீ பேசாம இருக்கறதுலதான் கெட்டிக்காரி," என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஆராதனையில் பாதியில் எழுந்தேன். நெய்மீனும் நெத்தோலியும் துணைக்கு வந்தார்கள். துணை என்றால், கொட்டகைக்கு இருபது அடி முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்குப் பின்னால் நின்று எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள். கொட்டகையில் நாற்பது ஐம்பது ஆண்கள். ஒரு ஓரத்தில் மைக்செட்டக்கா, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றாள். அவளை அப்படிச் சின்னதாக நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் கண்ணாலேயே "போ, போ" என்று விரட்டினாள்.

"நான்... அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னவாம் டீச்சருக்கு?" என்றார் யாரோ. "ஒண்ணும் கேக்கல்ல."

கொட்டகையை விட்டு ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடுவதற்காகக் குதிகாலை மணலில் ஊன்றினேன். ஊன்றியதும் என்ன ஆயிற்றோ, இரண்டு மாதப் பழக்கம், இடுப்பு தானாக இறுகியது. கை இரண்டும் இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து அது வந்தது.

"இழுங்கட்டீன்னு சொன்னது நான்! அக்கா அங்க இல்லவே இல்ல! அவங்க பைய இழுக்கத்தான் சொன்னாங்க! நான்தான் கத்தினேன்! உங்க மீன் போனது என்னால!"

கொட்டகையின் ஓலையிலிருந்து தூசி விழுந்தது. பின்வரிசையில் ஒரு ஆள் துள்ளி எழுந்தார். அன்றைக்குத் தண்ணீர் குடிக்க வந்தவரேதான்.

"இதே சத்தம்தான்! அண்ணைக்குக் கேட்டது இந்தச் சத்தம்! நான் அந்தக் கடைசில நிண்ணேன், எனக்க காது இன்னும் சரியாவல்ல!"

வேறு சாட்சி தேவைப்படவில்லை. மடிக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்பம் என்ன செய்யலாம் டீச்சரே?" என்று கேட்டார்.

"பத்து நாள் வந்து இழுக்கறோம். பங்கு வேண்டாம்."

"எம்மா, நீங்க இழுக்காம இருந்தாலே எங்களுக்கு மீன் கெடைக்கும்!" என்றார் அந்தத் தண்ணீர்க்காரர். ஒருவர் சிரித்தார், பிறகு பத்துப் பேர், பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. வள்ளத்துக்குப் பின்னாலிருந்து நெய்மீனும் சிரித்துவிட்டு, மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து எழுந்து நின்றார். மடிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. போன மீன் போனதுதான். ஆனால் தீர்ப்பைச் சொன்னார். மூன்று மடிக்கு நாங்கள் வந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒப்பமாக இழுக்க வேண்டும், பங்கு கிடையாது. மைக்செட்டுக்குக் கரையில் பழையபடி மீன் உண்டு.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை ஏச்சு. "உன்ன ஆரட்டீ கேட்டா? நான் பாத்துக்க மாட்டனா? மூதி! நாப்பது ஆம்பிளைக்க நடுவில வந்து நிண்ணு கூவுகா! உனக்க மாப்பிள கேட்டா என்ன நெனைப்பான்?" இப்படியே போய், நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காய்த்துப் போன உள்ளங்கையைப் பெருவிரலால் தடவினாள்.

"பேடிச்சுப் போனியா மக்களே?"

"ஆமா அக்கா, பயந்துதான் போனேன்."

"நானும்தான்," என்றாள். "மூணு நாளாட்டு ஒறக்கம் இல்ல. சாளை போனா பின்ன வரும். கரை போனா நான் எங்ஙன போவேன்?"

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது, கடலைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடல் மறுபக்கம் இருந்தது. என் வாழ்க்கையில் எனக்குப் பிரியமானவர்கள் என்று எழுதினால் ஐந்தாறு பெயர்தான் தேறும். அதில் பெயரே தெரியாத ஒருத்தி என் கணவருக்கும் முன்னால் வருகிறாள். அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, "ஏறுதியளா, இல்லியா?" என்று கேட்டார். அவள் என் கையை விடவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். எனக்கு அது குறைவாகத்தான் பட்டது.